மஞ்சள் வைத்த சுடிதார்

"எவளோ போட்டுக் கழட்டுன துணியை எனக்கு அனுப்பியிருக்காங்க" என்றாள் தனப்பிரியா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தான். பச்சைச் சுடிதாரின் உள்மடிப்பில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

புதுத்துணி உடுத்தும் முன் ஓரத்தில் மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்படியென்றால் யாரோ ஒருத்தி இதைப் புதுசாகப் போட்டு, ஆசை தீர்ந்ததும் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"வெக்கம் மானம் இருக்கற பொம்பள செய்யற வேலையா இது?"

"போன மாசம் காதுகுத்துக்கு நீ ஒண்ணு போட்டுட்டு வந்தியே..."

"அது வேற" என்றாள் சட்டென்று. மோகன்குமார் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மாதாமாதம் பெட்டியில் ஐந்து துணி வரும். பிடித்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம். இதற்குச் சரியான கம்பெனியைத் தேர்ந்தெடுக்க தனப்பிரியா பத்து நாள் செல்போனும் கையுமாக இருந்தாள். ஒரு கம்பெனி மூன்று நாள்தான் கெடு கொடுத்தது. இன்னொன்று, கொண்டுவருபவரை நிற்க வைத்தே போட்டுப் பார்த்துத் தரச் சொன்னது. இந்தக் கம்பெனிதான் ஏழு நாள் தந்தது.

ஏழு நாளில் ஒரு விசேஷம் வராமலா போகும்?

ஆறு மாதத்தில் ஆறு விசேஷம் வந்தது. விலைச்சீட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு போவாள். மறுநாள் மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். மஞ்சள் மட்டும் வைக்க மாட்டாள். கறை பட்ட துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களே.

துணிக்குப் பஞ்சமா என்றால் இல்லை. அஸ்தம்பட்டியில் சொந்த வீடு, போர்வெல் போடும் ரிக் லாரி இரண்டு ஓடுகிறது. பீரோ கதவை முழங்காலால் அழுத்தித்தான் சாத்த வேண்டும். ஒருமுறை ஸ்டேட்டஸில் வைத்த துணியை மறுமுறை போட அவளுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

கூச்சமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் காதுகுத்தில் கமலவேணி பெரியம்மா அவள் முதுகைத் தடவி, "என்ன சாமி, உள்ள என்னமோ குத்துது" என்றபோது பந்தியில் பாதியில் எழுந்துவிட்டாள். ஆனாலும் மறுநாள் அந்தத் துணி பெட்டிக்குள் போனது.

இப்போது அந்த மஞ்சளைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். இதற்குப் பொறுப்பானவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"மேடம், என் பேரு சௌந்தர்யாங்க. திருச்செங்கோட்டுல துணி பேக் பண்ற எடத்துல இருந்து பேசறனுங்க. ஆபீசுக்குத் தெரியாமத்தான் கூப்பிடறனுங்க."

"என்ன விஷயம்?"

"அந்த மஞ்சளை வெச்சது எங்ககூட வேலை செய்யற சென்னியம்மாக்காங்க. அந்தத் துணியை யாரும் போடலீங்க, புதுசுதானுங்க. நீங்க புகாரை வாபஸ் வாங்கலீன்னா சாயங்காலம் அக்காவை வேலைய விட்டு நிறுத்திருவாங்க. அது சம்பளத்துலதானுங்க ஊடே ஓடுது."

தனப்பிரியாவுக்கு மனம் இளகியது. இளகியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சரி, ஒருத்தர் பொழப்பைக் கெடுத்த பாவம் எனக்கு எதுக்கு?" என்றவள், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்போதே புகாரை ரத்து செய்தாள். "எடுத்துட்டேன். இனிமேலாவது அந்தம்மாவை ஒழுங்கா வேலை செய்யச் சொல்லு."

"ரொம்ப நன்றிங்க மேடம்."

"ஆமா, விக்கற துணியில எதுக்கு மஞ்சள் வெச்சாங்க?"

"அது... வேண்டாமுங்க மேடம்."

"சும்மா சொல்லும்மா."

"தப்பா நெனைச்சுக்காதீங்க. திரும்பி வர்ற துணியெல்லாம் அக்கா மேசைக்குத்தான் வருமுங்க. உங்க துணியில ஒருக்கா மல்லிப்பூ இருந்துச்சு. ஒருக்கா கழுத்துல குங்குமம். போட்டுட்டு அனுப்புன துணின்னு எழுதுனா கம்பெனியில உங்க பேரையே எடுத்துருவாங்க. அக்கா எழுதவே இல்லீங்க. ஆறு தடவையும் ஊட்டுக்குக் கொண்டு போயி அலசி, தேச்சுக் கொண்டாந்து வெச்சிருச்சுங்க."

தனப்பிரியாவின் முகம் சுட்டது. ஆறு முறையும் தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு பெண் அவள் வேர்வையைத் துவைத்து, வெளியே தெரியாமல் மறைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணைத்தான் ஒழுங்காக வேலை செய்யச் சொன்னோம் என்று நினைக்கவே கூசியது. போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கை வரவில்லை.

"எதுக்கு எழுதல?" என்றாள்.

"பாவம், நாலு பேரு மத்தியில போட்டுட்டுப் போக ஒரு நல்ல துணி இல்லாத புள்ளையாட்டம் இருக்குதுன்னு அக்கா சொல்லுச்சுங்க. அதான் பேக் பண்ற நாங்க நாலு பேரும் சம்பளத்துல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் பச்சைச் சுடிதாரை வாங்கி, உங்க பெட்டியில ஆறாவதா வெச்சமுங்க. பில்லுல அது இருக்காது பாருங்க. மஞ்சள் வெக்காம புதுத்துணி குடுக்கக் கூடாதுன்னு அக்காதான் வெச்சுது. சொன்னா நீங்க கூச்சப்படுவீங்கன்னு சொல்லாம விட்டுட்டமுங்க. அதை மட்டும் திருப்பி அனுப்பாதீங்க மேடம், உங்களுக்குன்னே எடுத்ததுங்க."