வெளியீட்டு நாள் காய்ச்சல்

வாசல் பூட்டு சடக்கென்று திறந்த சத்தம் கேட்டதும், மெர்வின் டிவி முன்னால் கேம் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடி, கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இரண்டு வருடமாகக் காத்திருந்த கேம் அன்று காலைதான் வெளியானது. அதற்காகவே அலுவலகத்துக்கும் மனைவி ரீபாவுக்கும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தான். கேம் முழுதாக டவுன்லோட் ஆகி முடிந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போன ரீபா திரும்பி வந்துவிட்டாள். பின்னாலேயே எட்டுப் பேர்.

"உங்களத் தனியா விட மனசு கேக்கல. லீவு சொல்லிட்டு ஜெபக் குழுவையே கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள்.

பாளையங்கோட்டையில் நோயாளி வீட்டு ஜெபம் சீக்கிரம் முடியாது. பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். போர்வைக்குள் மெர்வினுக்கு வியர்த்து வழிந்தது.

"வேர்க்குது பாருங்க, காய்ச்சல் இறங்குது. இன்னொரு பாட்டு பாடுவோம்," என்றார் சபை மூப்பர் பாக்கியசீலன்.

"எனக்கு இப்பப் பரவாயில்ல அண்ணாச்சி. நீங்க கிளம்புங்க."

"கிளம்பவா? உன் வீட்டுக்காரிக்கு இருக்குத விசுவாசத்துல பாதி உனக்கு இல்லியே லே. டிவி ரூமுல கதவச் சாத்திக்கிட்டு, பாவம், தனியா ஜெபிக்கா."

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்கள் போனார்கள். மெர்வின் துள்ளி எழுந்து டிவி அறைக் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள். தட்டியதும் ரீபாவின் குரல் மட்டும் வந்தது.

"பேசாமப் போய்ப் படுங்க. பன்னெண்டு மணிக்கு மாதர் சங்கம் வருது. அவங்க ஜெபிச்சு முடிக்கதுக்குள்ள நான் மூணாவது லெவலையும் முடிச்சிருவேன்."