இங்கிலீஷில் சொன்னது

அந்த மொழிபெயர்ப்பாளரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது நீதிமன்றப் படிக்கட்டில். என் மச்சினன் அவரை வழிமறித்து நின்றான்.

வழக்கு என் மனைவியுடையது. பங்குதாரர் என்று வந்த ஒருவன், இங்கிலீஷ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அவளுடைய தையல் கடையைச் சுருட்டிக்கொண்டான். "தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்" என்று தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. வாசலுக்கும் வருவதில்லை.

அன்று கூண்டில் நின்றபடி அவன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். வக்கீல்கள் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என் மனைவி பக்கம் குனிந்தார்.

"நீங்க ரொம்ப விவரமானவங்களாம். உங்களை மடக்க ரொம்பப் பாடுபட்டாராம்மா."

தலை குனிந்தே இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குத்தான் இப்போது படிக்கட்டில் பஞ்சாயத்து.

"எங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சீங்களா சார்? எங்கக்காவை 'உட்கார்ந்திருக்கிற வாத்து'ன்னான், சுலபமா சுட்டுடலாமாம். 'குழந்தை கையில மிட்டாய் பிடுங்கின மாதிரி'ன்னான். நீங்க என்ன சொன்னீங்க?"

"கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டேன் தம்பி."

"கொஞ்சமா? அவன் எவ்வளவு குடுத்தான்?"

"விடுப்பா" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாமா. புகார் எழுதிக் குடுத்தா இவருக்கு வேலையே போயிடும்."

"குடுங்க தம்பி" என்றார் அவர். "அந்த வாத்து விஷயம் மட்டும் அக்கா காதுக்குப் போக வேணாம்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பினால், தூணுக்குப் பக்கத்தில் என் மனைவி. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"பாத்தியாக்கா, அந்தாளும் உன்னை ஏமாத்திட்டார்."

"அது அங்கேயே தெரியும்டா. ஒருத்தியை விவரமானவன்னு சொன்னா அத்தனை பேர் சிரிப்பாங்களா?"

புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"என்னை ஏமாத்தினவங்கள்ல, எதையும் எடுத்துக்காமப் போனவர் அவர் ஒருத்தர்தான். எழுதிக் கிழுதிக் குடுத்துடாதே."

அந்த மழைக்காலத்திலேயே அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். கடை திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மெஷினை வாடகைக்குப் போட்டு, கண் பார்வை மங்கும்வரை தைத்தாள் என் மனைவி.

இப்போது அவளும் இல்லை. நான் போட்டுக்கொள்ளும் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவை.