அஞ்சு கால் பின்னல்

"அத்தை, தொளதொளன்னு இருக்கு. அவுத்துட்டு மறுபடி பின்னுங்க."

ஸ்னேகா சொன்னதைக் கேட்டதும் ராஜலக்ஷ்மிக்கு வாயிலிருந்த காபி கசந்தது.

தங்கை சாவித்ரியைப் பார்க்கத் தன் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து நியூ டவுனுக்கு முந்தின நாள்தான் வந்திருந்தாள். ஜூன் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவள் சாவித்ரி. மாவுக்கட்டுப் பிரித்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுக்கிறாள்.

அந்த ஒடிந்த கையால்தான் மருமகள் ஸ்னேகாவுக்குத் தினமும் பின்னல்.

"ஏம்மா ஸ்னேகா, உனக்கே பின்னிக்க வராதா?"

"வராது பெரியம்மா. எங்க வீட்டுல எப்பவும் அம்மாதான் பின்னிவிடுவாங்க."

"அப்போ என்னைப் போல வெட்டிக்கோ. முப்பது வருஷமா இந்தக் கிராப்புதான். சீப்பு தேடக்கூட வேண்டாம்."

"மனசு வரலையே. ஆபீஸ்ல எல்லாரும் பினுனி, பினுனின்னு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க. துர்கா பூஜைக்குத் தங்களுக்கும் இதே மாதிரி வேணுமாம்."

பெங்காலியில் பின்னலுக்குப் பினுனி என்று பெயர். அதுமட்டும் இந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"விடுக்கா. சின்னப் பொண்ணு, ஆசைப்படறா" என்றாள் சாவித்ரி.

"முப்பது வயசு, உனக்குச் சின்னப் பொண்ணு."

"நுனியிலேர்ந்து சிக்கெடுங்க அத்தை. மேலேர்ந்து இழுத்தா கொட்டிடும்."

சாவித்ரி சீப்பை நுனிக்குக் கொண்டுபோனாள். எண்ணெய் மினுக்கும் கூந்தலை ஐந்தாகப் பிரித்தாள். "முன்னெல்லாம் மூணு காலோட விட்டா. அப்புறம் நாலு. போன வாரத்திலேர்ந்து அஞ்சு கால் பின்னல்தான் வேணும்கிறா."

ஒரு கால் விரலிலிருந்து நழுவியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத் தேடிப் பிடித்தாள். ஸ்னேகா திரும்பியும் பார்க்கவில்லை.

ராஜலக்ஷ்மியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்வையைத் திருப்பினாள். பிரிட்ஜ் மேல் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து, தூசி படிந்து கிடந்தது. குழந்தை இல்லாத வீட்டில் பந்து எதற்கோ.

"சாவித்ரி, சாயங்காலம் என்னோட கிளம்பு. ஒரு மாசம் என் வீட்டுல இரு. கைக்கு ரெஸ்ட் வேணும்."

"முகுந்த்கிட்ட ஒரு வார்த்தை..."

"உன் பிள்ளைகிட்ட நான் போன்ல சொல்லிக்கிறேன். நீ துணியை எடுத்து வை."

சாவித்ரி பின்னி முடித்தாள். நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றியதும் கையை மடியில் வைத்து நீவிக்கொண்டாள்.

"பெரியம்மா, இதை மட்டும் ஒரு போட்டோ எடுங்களேன். கிட்டக்க வச்சு. ஒவ்வொரு காலும் தெரியணும்."

இது வேறா! ராஜலக்ஷ்மி பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். ஸ்னேகா அங்கேயே நின்று அதை யாருக்கோ அனுப்பிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

"இரு, கீழ வரைக்கும் நானும் வர்றேன்."

வாசலில் ஆபீஸ் வண்டி இன்னும் வரவில்லை. ராஜலக்ஷ்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்த அம்மாவா இருந்தா இப்படி வேலை வாங்குவியா? ஒடிஞ்ச கைம்மா அது. நேத்து ராத்திரி சப்பாத்தியைப் பிய்க்க முடியாம அவ பட்ட பாட்டை நான் பார்த்தேன். உனக்கென்னடான்னா அஞ்சு கால், அதையும் அவுத்து அவுத்துப் போடணும்."

ஸ்னேகா வாயைத் திறப்பதற்குள் அவள் போன் கூவியது. பார்த்ததும் முகம் மாறியது.

"பெரியம்மா, இந்தத் தாரா அக்கா எப்பவும் இங்கிலீஷ்ல எழுதுவாங்க. இன்னிக்குப் பெங்காலியில பேசி அனுப்பியிருக்காங்க. எனக்குக் கரியாஹாட் மார்க்கெட்ல பேரம் பேசற அளவுக்குத்தான் வரும். என்ன சொல்றாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

திட்டிக்கொண்டிருக்கும்போது மொழிபெயர்க்கவும் வேண்டுமாம். ராஜலக்ஷ்மி போனைக் காதில் வைத்தாள்.

"பினுனியைப் பார்த்தாளாம். யாரு இவ, பியூட்டி பார்லரா?"

"மேல சொல்லுங்க பெரியம்மா."

"போன வாரம் ஓரத்துக் கால் ரெண்டும் தொளதொளன்னு இருந்துதாம். இன்னிக்கு இறுக்கம் வந்திருக்காம். அப்படின்னா மோதிர விரல்..."

ராஜலக்ஷ்மியின் குரல் தேய்ந்தது. மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள்.

"மோதிர விரல் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சாம். பந்தைத் தொடவே மாட்டேன்னு அடம்பிடிச்ச கையா இதுன்னு கேட்கிறா. சுண்டு விரலும் வந்துடுமாம். ஒரு நாள்கூட விட்டுடாதே, ஒரு மாசம் சும்மா இருந்தா விரலெல்லாம் பழையபடி விறைச்சுப் போயிடும்கிறா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிசியோதெரபிஸ்ட்டு பெரியம்மா" என்றாள் ஸ்னேகா. "பயிற்சின்னு சொன்னா அத்தை செய்ய மாட்டேங்கறாங்க. நான் என்ன குழந்தையா, பந்து வச்சு விளையாடன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. எனக்குப் பின்ன வராதுன்னு சொன்னதும்தான் அந்தக் கை நீண்டது. இது அவங்களுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

ஆபீஸ் வண்டி வந்து நின்றது. ஸ்னேகா கதவைத் திறந்து, ஏறாமல் தயங்கினாள்.

"சாயங்காலம் அத்தையைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

ராஜலக்ஷ்மியின் கை தன் பிடரியைத் தடவியது. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அவ இங்கேயே இருக்கட்டும். என் தலையில மூணு காலுக்கே முடி இல்லையேம்மா."