நிமிர்ந்த டம்ளர்

ஆட்சேபணை சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. சம்மதம் சொல்லத்தான் வந்திருந்தாள்.

மூடிக் கிடந்த தோல் கம்பெனியின் கேன்டீனிலேயே கருத்துக் கேட்புக் கூட்டத்தை வைத்திருந்தார்கள். இந்த இடம் தொழிற்சாலை நிலம் என்ற வகையிலிருந்து மாறினால் அலுவலகங்கள் வரும். ஒரு பரிசோதனைக்கூடமும் வரும். வேதியியல் படித்த உள்ளூர்க்காரர்களுக்கு அதில் முதலிடம் என்று ஊரமைப்பு அதிகாரியான அந்த அம்மாள் மைக்கில் சொன்னார்.

அவள் பி.எஸ்சி. வேதியியல். இப்போது மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். கடைச் சாவியை மட்டும் முதலாளி அவளிடம் தருவதில்லை.

பழைய தொழிலாளர்கள் யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள். பகல் ஷிஃப்ட் சன்னல் பக்கம். மாலை ஷிஃப்ட் நடுவில். நைட் ஷிஃப்ட் கடைசி மேசையில்.

தேசிங்கு டீ கொண்டுவந்தார். கம்பெனி ஓடிய காலத்தில் இந்தக் கேன்டீன் அவர் பொறுப்பில் இருந்தது. பழைய எவர்சில்வர் டம்ளர்களையே கழுவி எடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், புள்ளி புள்ளியாக வெட்டியது.

அவரவர் டம்ளர் அவரவர் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. கம்பெனி போனாலும் சர்க்கரை விஷயத்தில் தேசிங்கு இன்னும் முதலாளி பக்கம்தான் என்றார் ஒருவர்.

குடித்ததும் எல்லோரும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அது கேன்டீன் வழக்கம். ஷிஃப்டுக்கு உள்ளே போகிறவர்களின் டம்ளரை தேசிங்கு நிமிர்த்தி வைப்பார். வெளியே வந்தவர் குடித்துவிட்டுக் கவிழ்ப்பார். ஒரு டம்ளர் நிமிர்ந்திருந்தாலும் அடுப்பை அணைக்கக் கூடாது.

அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பா நைட் ஷிஃப்ட். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் நான்கு பேர் வீடு திரும்பவில்லை. செம்புக் கேபிளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்றது நிர்வாகம். கூட வேலை செய்தவர்களே, அவர்கள் சுவரேறிக் குதித்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அம்மா இன்னும் பொட்டு வைக்கிறாள். வைக்கும்போது திட்டுகிறாள்.

இன்று காலை கேட்டருகே ஒருத்தி, இவள் காதில் விழும்படியாக, ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாகக் கேபிளை அளந்து வைக்கச் சொல்லணும் என்றாள்.

அதிகாரி வரைபடத்தைக் காட்டினார். இங்கே கட்டடம். இங்கே பூங்கா. நான்காம் எண் கழிவுத் தொட்டியைக் கம்பெனி ஓடும்போதே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அதன் மேலேயே வண்டி நிறுத்துமிடம். தோண்டவே வேண்டாம்.

சன்னலுக்கு வெளியே அந்தச் சதுரம் தெரிந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது.

சதுரத்தின் மேல் ஒரு இலைகூட விழுந்திருக்கவில்லை.

நைட் ஷிஃப்ட் மேசையில் யாரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

பலர் இடமில்லாமல் நின்றார்கள். கடைசி மேசையின் ஓரத்தில் நான்கு நாற்காலிகள் காலி. அங்கே உட்காரலாமே என்றார் அதிகாரி. யாரும் நகரவில்லை. அவர் மறுபடியும் சொன்னார்.

அவள் எழுந்து போனாள். வேலை தரப்போகிறவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

நாற்காலிகளுக்கு முன்னால் நான்கு டம்ளர்கள் நிமிர்ந்திருந்தன. நிறைய டீ.

தேசிங்கு முதலில் ஊற்றியது இங்கேதான். அவர் டீ கொண்டுவந்தபோதே பார்த்திருந்தாள். மற்றவர்கள் குடித்துக் கவிழ்த்தே அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

நான்கிலும் ஆவி பறந்தது.

மூன்றாவதில் அப்பாவின் பெயர். க. தணிகாசலம்.

தொட்டாள். சுட்டது.

ஓடிப்போனவருக்கு எதற்கு டீ. எல்லோரும் பார்க்கிறார்கள். கை கழுவும் இடத்தில் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைக்கலாம் என்று எடுத்தாள்.

தேசிங்கு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கவுக்காதம்மா. அவங்க இன்னும் வெளிய வரல."

மெதுவாகத்தான் சொன்னார். மேசையில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்கள் தாங்கள் கவிழ்த்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறையில் அடுப்பு எரியும் சத்தம் கேட்டது.

அவளுக்கு ஒரு லாரி நினைவுக்கு வந்தது.

அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா வராத அன்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடிவந்தாள். கேட்டருகே கான்கிரீட் கலக்கும் லாரி ஒன்று, வயிற்றைச் சுழற்றியபடி நின்றது. வாட்ச்மேன் ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கினார்கள். லாரி உள்ளே போனது.

வழி விட்டது அவளும் அம்மாவும்தான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்சேபணை இருப்பவர்கள் கடைசியாக ஒருமுறை சொல்லலாம், இல்லையென்றால் ஏகமனதாக என்று எழுதிக்கொள்கிறேன் என்றார்.

தேசிங்கு கையை விட்டார்.

அவள் மைக்கை நோக்கி நடந்தாள். டம்ளர் கையிலேயே இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மைக்கில் அவள் இதுவரை பேசியதில்லை. குரல் யாருடையதோ போல முன்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"மேடம், நாலாம் தொட்டிய மூடறப்ப எங்கப்பா உள்ளதான் இருந்தாரு."