ஒரே ஒரு கடிதம்

"உங்க கழகமா? எங்க கார்மல் நர்ஸுக்கு விருதா? சிரிப்பு வருது கண்ணு. கத்தரிக்கோல் வழுக்கிடும்னு அடக்கிட்டு நிக்கறேன்."

ப்ரீடா அதைச் சொன்ன விதத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. கழுத்தில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊனா கிழவி, இன்றைக்கு நீ தொலைந்தாய் என்பதுபோல் கண்ணாடி வழியே ஈமரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

பாவம், ஈமர் டப்ளினிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு இந்த டோனகல் மீன்பிடி ஊருக்கு வந்திருந்தாள். பெண்கள் நலச் செவிலியர் கழகத்தில் வேலை பார்ப்பவள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் கார்மல் டெவேனின் பெயரைச் செவிலியர் பட்டியலிலிருந்து நீக்கியதும் அதே கழகம்தான். பறித்த பெயரைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பதக்கமும் தர வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு எல்லோரையும் தலையாட்ட வைத்திருந்தாள் ஈமர். இன்னும் ஒரே ஒரு தடை. கார்மலிடம் பயன்பெற்ற ஒரு பெண்ணாவது கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அடுத்த விருதுத் தேர்வு மூன்று வருஷம் கழித்துத்தான். கார்மலுக்கு இப்போது எண்பத்தாறு.

காலையிலிருந்து ஏழு வீடு ஏறி இறங்கியாகிவிட்டது. எல்லா வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள், சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள், கார்மலை வாயாரப் புகழ்ந்தார்கள். எழுதித் தரச் சொன்னதும் ஒருத்திக்கு மருமகள் ஞாபகம் வந்தது, இன்னொருத்திக்குப் பாதிரியார் ஞாபகம் வந்தது. கடைசியில் எல்லோரும் கைகாட்டியது இந்த முடிதிருத்தும் கடையைத்தான். ப்ரீடாவைப் பாருங்க, ஞாயிறு தவறாம முதியோர் இல்லத்துக்குப் போய் கார்மலுக்குத் தலை சீவி விடறது அவதான் என்றார்கள்.

"அவங்க செஞ்ச குத்தம் என்னன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் ப்ரீடா.

ஈமருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டாள். அந்த நாளில் கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டரோ கல்யாணமானவளுக்குத்தான் எழுதுவார். அதுவும் மாதவிடாய் ஒழுங்குக்கு என்று.

"அந்தச் சீட்டையெல்லாம் நம்பினா, அயர்லாந்துல ஒருத்திக்கும் மாசம் ஒழுங்கா வந்ததே இல்லம்மா," என்றாள் ஊனா. "எனக்கு எட்டுப் பிள்ளைக்கு அப்புறம்தான் ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு எழுதினாரு."

கல்யாணமாகாத பெண்களுக்கு கார்மல்தான் கதி. லீவு நாளில் பஸ் ஏறி, எல்லை தாண்டி வட அயர்லாந்தில் இருக்கும் டெரிக்குப் போய், மாத்திரை வாங்கிக் கோட்டின் உள்பையில் மறைத்துக்கொண்டு வருவாள். ஒரு பைசா வாங்கியதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. கழகம் பெயரை நீக்கியதும் ஆஸ்பத்திரி வேலை போயிற்று. எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள் அப்புறம் இருபது வருஷம் மீன் ஆலையில் கானாங்கெளுத்தி அறுத்தன. ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"இப்ப பதக்கமாம்," என்றாள் ப்ரீடா. "விரல் மடங்காம கிடக்கறவங்களுக்கு அதை யாரு குத்தி விடுவாங்க? நீ வந்து குத்துவியா?"

"குத்துவேன்," என்றாள் ஈமர். "நீங்க சொன்னதுல பாதியை எழுதிக் கொடுங்க, போதும்."

"மாட்டேன்."

தானே எழுதித் தருவதாகச் சொன்னாள் ஈமர். பெயரை வெளியே விடமாட்டோம் என்றாள். நாலு வரி போதும் என்றாள். எதற்கும் ப்ரீடா அசையவில்லை. கார்மலுக்காக ரேடியோவில் வேண்டுமானால் பேசுகிறேன், உங்கள் கழக வாசலில் நின்று கத்தச் சொன்னாலும் கத்துகிறேன், உங்களுக்குக் கடிதம் மட்டும் எழுதமாட்டேன் என்றாள்.

ஈமருக்குப் பொறுமை போய்விட்டது.

"வாய் மட்டும் கிழியப் பேசறீங்க. கையெழுத்துன்னதும் எல்லாருக்கும் அதே பயம். நீங்களும் இந்த ஊர்தானே."

"அவளைச் சொல்லாதேம்மா," என்று ஊனா குறுக்கே வந்தாள். "எழுத வேண்டாத நேரத்துல எழுதினாளே ஒரு நாசமாப்போனவ, அவளைக் கேளு. மொட்டைக் கடுதாசி போட்டுத்தானே நர்ஸைக் காலி பண்ணினா."

மொட்டைக் கடிதம் இல்லை என்று ஈமர் திருத்தினாள். கழகத்தின் பழைய கோப்பை அவள் பார்த்திருந்தாள். மாத்திரை வாங்கிய பெண்ணே கையெழுத்துப் போட்டு அனுப்பிய புகார், அதை வைத்துத்தான் தீர்ப்பு என்று இருந்தது. கடிதம் கோப்பில் இல்லை. தீர்ப்பிலும் அவள் பெயரை மையால் அடித்திருந்தார்கள்.

கத்தரிக்கோல் ஓசை நின்றது. ப்ரீடா அதை மெதுவாக மேடையில் வைத்துவிட்டு, ஈமரின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வருஷம் உங்க கழகம் பேப்பர்ல விளம்பரம் போட்டிருந்துச்சு. நாட்டுலயே சிறந்த நர்ஸுக்கு விருதாம், உங்க ஊர் நர்ஸைப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு. எனக்கு இருபத்திரண்டு வயசு. எங்க கார்மலை விட்டா யாருன்னு, அவங்க எனக்குச் செஞ்சதை ஒண்ணு விடாம நாலு பக்கம் எழுதி, பேரும் போட்டு அனுப்பி வச்சேன்," என்றாள் ப்ரீடா. "அதைத்தான் கண்ணு, நீங்க புகார்ங்கறீங்க."