ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள்

"ரெண்டு கம்ப்யூட்டர் பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கணும். உள்ள ஒரு ஸ்க்ரூ கூட வித்தியாசம் வரக் கூடாது சார். அப்பதான் நியாயம்" என்றான் ஜெஸ்டன்.

ஆம்பூரில் இருந்த அந்த ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். வெளிநாட்டு வியாபாரிகள் தங்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்டர்நெட்டில் பார்ப்பதற்காக ஜாவாவில் ஒரு தளம் எழுதியிருந்தான். அதை ஓட்டும் வெப் சர்வர் என்ற சாஃப்ட்வேர், அவன் இலவசமாக இறக்கிப் போட்டது. அது திணறுகிறது என்று புகார் வந்ததும், சென்னைக் கம்பெனி ஒன்று தன் விலையுயர்ந்த சர்வரோடு கார்முகிலனை அனுப்பிவைத்தது. இரண்டில் எது வேகம் என்று போட்டி வைத்துப் பார்ப்பதாக முடிவானது. சென்னை சர்வர் ஜெயித்தால் பராமரிப்பும் சென்னைக்கே போகும். ஜெஸ்டனுக்கு வேலை இருக்காது. மேனேஜர் ரஷீத் அஹமது இதை அவனிடம் மறைக்கவில்லை.

அன்றிலிருந்து ஜெஸ்டன் நியாயத்தைப் பற்றி நிறையப் பேசினான். ஒரே தளம், ஒரே அளவு மெமரி, சோதனை போட ஒரே கேபிள்.

"முதல் சுத்தைக் கணக்குல எடுக்கக் கூடாது சார். ஜாவாவுக்குச் சூடு ஏறணும்."

"நம்ம லோடு லாரி மாதிரின்னு சொல்லு" என்றார் ரஷீத்.

"இவரு ரூல்ஸ் போட்டே ஜெயிச்சுடுவாரு போல" என்று சிரித்தான் கார்முகிலன். குடியாத்தத்துக்காரன். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து தங்கள் பெட்டியைத் தயார் செய்து, அணைத்து, ஒப்படைத்தார்கள். ரஷீத் அவர்களை டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தபோது பெட்டிகள் ஏற்றுமதிப் பிரிவு அக்தர் பானுவின் மேசைக்கு வந்திருந்தன. ஒன்றின் மேல் 'ஜெஸ்டன்' என்றும் மற்றதன் மேல் 'சென்னை' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. இனி யாரும் தொடக் கூடாது. தொழுகை முடிந்ததும் பானு சோதனையை ஓட்டுவாள்.

ஜும்ஆத் தொழுகை நேரத்தில் தையல் மெஷின்கள் நின்றன. பானு வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். கார்முகிலன் பிரியாணி தேடிப் பஜாருக்குப் போனான். ஜெஸ்டன் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். வாராவாரம் இந்த நேரத்து அமைதி அவனுக்குப் பிடிக்கும். இன்று அது அவனையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

எழுந்து பானுவின் அறைக்குப் போனான். 'சென்னை' பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த இரண்டு மெமரி அட்டைகளில் ஒன்றை உருவி, கர்ச்சீப்பில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மூடினான். பெட்டி ஓடும். கூட்டம் வந்தால் மட்டும் மூச்சு வாங்கும்.

கை கழுவி, கண்ணை மூடி ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். பானு ஒரே கேபிளை முதலில் ஒரு பெட்டியிலும் பிறகு மற்றதிலும் செருகி, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் தளத்தைத் திறப்பது போல பாரம் ஏற்றினாள். சூடேற்றும் சுற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

"ஜெஸ்டன் பெட்டி, செகண்டுக்குத் தொண்ணூறு பக்கம்" என்றாள். அடுத்ததைப் படிக்கத் தயங்கினாள். "சென்னை பெட்டி... நாலு."

கார்முகிலன் முகம் வெளுத்துவிட்டது. "சான்ஸே இல்ல சார். யாரோ இன்னாவோ பண்ணிட்டாங்க. பெட்டியைத் திறந்து பாக்கணும்."

ஜெஸ்டனின் கை பாக்கெட்டைத் தொட்டு மீண்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஜெயிச்சா மூடி வெப்பீங்க, தோத்தா திறப்பீங்களா? இன்னா நியாயம் இது? தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது சார். முடிவு முடிவுதான், இதுக்கு மேல பேச்சே இல்லன்னு சொல்லிடுங்க."

ரஷீத் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜெஸ்டன் சொல்றது சரிதான். திறக்க வேணாம். இதான் ஃபைனல். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்று முந்திக்கொண்டான் ஜெஸ்டன். கார்முகிலன் தலையை மட்டும் ஆட்டினான்.

ரஷீத் எழுந்து இரண்டு சீட்டுகளையும் உரித்தெடுத்தார்.

"ரெண்டு டேனரி தோலு செலக்‌ஷனுக்கு வந்தா, எது யாருதுன்னு பாக்கறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு மார்க்கை மாத்திப் போடறது நம்ம குடோன் வழக்கம்; அதே மாதிரி இந்தச் சீட்டு ரெண்டையும் மாத்திதான் ஒட்டி வெச்சிருந்தேன், கார்முகிலன் தம்பி, கை குடு!"