ராகுகாலத்தில் வந்த அப்டேட்

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அடுப்பு முதல் குழாய் வரை எல்லாவற்றையும் இயக்கும் வீட்டுக் கணினிக்குப் புது ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது. பொத்தானை அழுத்தப் போன முத்தையாவின் கையை மனைவி கோமதி தட்டிவிட்டாள்.

"ராகுகாலங்க. ஒம்பது வரைக்கும் தொடாதீங்க."

"மெஷினுக்கு என்னடி ராகு, கேது?" என்று முணுமுணுத்தாலும் கையை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் மற்ற வீட்டுக் கணினிகளெல்லாம் பாதி அப்டேட்டில் செத்துப்போயின. அடுப்பு எரியவில்லை, குழாய் திறக்கவில்லை. தெருவே தட்டோடு கோமதி வீட்டுக்கு வந்துவிட்டது. முத்தையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இட்லிக்குச் சட்னி ஊற்றினார். கல்யாண வீடு தோற்றது.

பத்தரை தாண்டி, செத்ததையும் எழுப்பும் திருத்திய ஃபர்ம்வேர் வந்தது. எல்லோரும் கோமதியைப் பார்த்தார்கள். முத்தையா முந்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தார்.

"எமகண்டம். யாரும் தொடாதீங்க. கோமதி, இன்னொரு ஈடு ஊத்து."